மக்காச்சோள விதைக்குப் பூச்சு போட்டு இருப்பு வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

விதைமேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் பாலிமர் பூச்சைப் போட்டுவிட்டால் இருப்பில் கெடாது என்று பரவலாக ஒரு பேச்சு உண்டு. ஒரே குவியலிலிருந்து எடுத்த மக்காச்சோள விதையைப் பல விதமாகப் பூசி, மூன்று விதமாக இருப்பு வைத்து, அவ்வப்போது எடுத்து முளைக்கவிட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். கடைசி எண்ணிக்கையும் முடிந்துவிட்டது. ஒரு பூச்சு நன்றாகவே காப்பாற்றியது. ஒன்று விதையைக் கெடுத்தது. இறுக மூடிய ஜாடிக்குள்ளோ, பூசிய விதைக்கும் பூசாத விதைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை விதையைப் பொறுக்குவது. கதிரின் நுனியிலும் அடியிலும் இருந்த உருண்டை மணிகளை ஒதுக்கிவிட்டு, நடுப்பகுதியின் தட்டையான மணிகளை மட்டும் எடுத்தேன். அளவு ஒன்றுபோல இருந்தால்தான் பூச்சு சமமாகப் பிடிக்கும். பாதி விதை கையால் உதிர்த்தது, பாதி இயந்திரத்தில் அடித்தது. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வைத்தேன். இயந்திரத்தில் அடித்தவை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தன. சந்தேகத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீர் கலந்த அயோடின் கரைசலில் சில நிமிடம் போட்டு அலசினேன். தோல் கீறிய இடத்தில் உள்ளிருக்கும் மாவுச்சத்து அயோடினோடு சேர்ந்து கருநீலமாகிவிடும். முடி போன்ற மெல்லிய கோடுகள், சில மணிகளில் கரு இருக்கும் பக்கத்திலேயே ஓடின. கையால் உதிர்த்தவற்றில் அப்படிக் கோடு அபூர்வம். இந்தச் சோதனை மாதிரி விதைக்கு மட்டும்தான். சோதித்த விதையைத் திரும்பக் குவியலில் சேர்க்கக்கூடாது.

இந்தக் கோடுகள் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால்தான் புரிந்தது. பூச்சு போடும்போது கரைசலை முதலில் உறிஞ்சுவது அந்தக் கீறல்தான். மேலே நிறம் ஏறி எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பதால், பூசிய பிறகு நல்ல விதை எது, கீறிய விதை எது என்று கண்ணால் பிரிக்க முடியாது.

அடுத்தது ஈரப்பதம். மின்சார ஈரமானியை நம்பி மட்டும் போகாமல், ஒரு மாதிரியை அரைத்து அடுப்புப் பெட்டியில் 130 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வைத்து, எடைக் குறைவைக் கணக்குப் போட்டேன். மக்காச்சோளத்தை முழு மணியாக வைத்தால் உள் ஈரம் முழுக்க வராது. அரைத்துத்தான் ஆக வேண்டும். விதை 13 சதவீதத்துக்குச் சற்று மேலே இருந்தது. சாதாரணப் பையில் வைக்க 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, காற்றுப் புகாத கொள்கலனில் வைக்க 8 சதவீதம் வரை இறக்குவது பாதுகாப்பு என்பது விதைத் தொழிலில் பழகிய அளவு. நிழலில், வலைத்தட்டில், மின்விசிறி வைத்து 12க்குக் கீழே கொண்டுவந்தேன். ஜாடிக்குப் போக வேண்டிய பங்கை மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்து இன்னும் இறக்கினேன். சூடான காற்று அடிப்பவர்கள் 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஈரம் அதிகமாக இருக்கும்போது சூடு ஏறினால் கரு செத்துப் போகும், தோலும் வெடிக்கும்.

உலர்ந்த பிறகு எல்லா விதையையும் இறுக மூடிய பையில் போட்டு, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் சில நாள் வைத்தேன். கூன்வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிட்டுப் போகும். அந்தத் துளை கண்ணில் படாது. முட்டையோடு இருக்கும் விதைக்குப் பூச்சு போட்டால், சில வாரத்தில் வண்டு பூச்சையும் சேர்த்துக் குடைந்து வெளியே வரும். நன்றாக உலர்ந்த விதையை உறைபெட்டி ஒன்றும் செய்யாது. ஈர விதையை வைத்தால்தான் முளைப்பு போகும். எடுத்தவுடன் பையைத் திறக்கக்கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் குளிர்ந்த விதைமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

இனி பூச்சு. விதையை இப்படிப் பிரித்தேன்: எதுவும் போடாதது ஒன்று, பூஞ்சாணக்கொல்லித் தூளை உலர்வாகப் புரட்டியது ஒன்று, பாலிமர் மட்டும் பூசியது ஒன்று, பாலிமரோடு பூஞ்சாணக்கொல்லி சேர்த்தது ஒன்று, அதே கலவையை இரண்டு அடுக்காகத் தடிமனாகப் பூசியது ஒன்று, நானே காய்ச்சிய மாவுப்பசை பூசியது ஒன்று. பாலிமர் கடைசிவரை ஒரே அளவுதான்: ஒரு கிலோ விதைக்கு 3 மில்லி, அதைக் கரைக்க 5 மில்லி தண்ணீர். மருந்து, உறையில் அச்சிட்டிருந்த அளவே.

கால் கிலோ விதைக்கு இந்தக் கணக்கு ஒரு மில்லிக்கும் குறைவான பாலிமர். சிரிஞ்சு இல்லாமல் இதை அளக்கவே முடியாது. முதல் தொகுதியில் விதை திட்டுத் திட்டாக வெளுத்து நின்றது. பாலிமரில் பாதியை வாளியின் சுவரே எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு, ஒதுக்கிய மணிகளை முதலில் போட்டு அதே கலவையில் ஒரு சுற்று உருட்டிக் கொட்டிவிட்டு, அந்த நனைந்த வாளியிலேயே சோதனை விதையைப் போட்டேன். நிறம் சமமாக வந்தது. பெரிய அளவில் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சிறிய அளவில் செய்பவர்களுக்கு வாளி நனைப்பதுதான் பாதி வேலை.

கலக்கும் வரிசையும் முக்கியம். தூளை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, கடைசியாகத்தான் பாலிமரை விட வேண்டும். பாலிமரில் தூளைக் கொட்டினால் திரிந்து நூல் நூலாக நிற்கும். கலவையை விதைமேல் நேராக ஊற்றாமல், வாளியைச் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே சுவரோரமாக மூன்று பங்காக விட்டேன். ஆரம்பத்தில் விதை ஈரமாக ஒட்டிக்கொண்டு மந்தமாக உருளும். பூச்சு பிடிக்கப் பிடிக்கச் சத்தம் மாறி மணி மணியாகக் கலகலக்கும். அந்தச் சத்தம் வந்தவுடனே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் சுழற்றினால் ஒன்றோடொன்று உரசி, பிடித்த பூச்சு உரியத் தொடங்கும்.

பூசி முடித்த விதையைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்தபோது, கையில் எடுத்துப் பார்க்கையில் தெரியாதது தெரிந்தது. தட்டையான இரண்டு முகத்திலும் நிறம் சீராக இருந்தது. கரு இருக்கும் பக்கத்தின் குழிவில் நிறம் தேங்கிக் கருத்திருந்தது. கதிரின் தண்டோடு ஒட்டியிருந்த காம்பு முனையிலோ பூச்சு பஞ்சுபோன்ற திசுவுக்குள் இறங்கி, மேலே படலமே இல்லாமல் சொரசொரப்பாக நின்றது. தண்ணீரும் நீராவியும் விதைக்குள் எளிதாக நுழையும் வழியே அந்த முனைதான். கூர்மையான விளிம்புகளில் படலம் மிக மெல்லியது; பைக்குள் சில தடவை குலுங்கினாலே அங்கே முதலில் தேய்கிறது. பூச்சு விதையைச் சுற்றி ஒரு முழு உறையாக மூடிக்கொள்கிறது என்ற எண்ணம் எனக்கு அந்த லென்ஸோடு போய்விட்டது.

பிறகு உலர்த்தல், இங்கேதான் ஒரு தொகுதி முழுக்கப் போனது. கிலோவுக்கு 8 மில்லி திரவம் சேர்த்தால், அது முழுக்க உள்ளே இறங்கினால் ஈரப்பதம் 0.8 சதவீதம் வரை ஏறும். கணக்கில் சின்னதுதான். ஆனால் தொட்டால் ஒட்டவில்லை என்ற ஒரே அடையாளத்தை நம்பி, அன்றே ஜாடிக்குள் போட்டு மூடிய தொகுதியின் கண்ணாடியில், இரவு குளிர்ந்ததும் உட்புறம் பனி படர்ந்தது. சில வாரத்தில் திறந்தால் புளித்த வாடை, காம்பு முனைகளில் பச்சைப் பூஞ்சாணம். மேல்படலம் காய்ந்துவிட்டாலும் அடியில் ஈரம் இருக்கிறது, அந்த ஈரம் வெளியே போகவும் படலம் கொஞ்சம் தடைதான். அதற்கடுத்த தொகுதிகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, விசிறிக் காற்றில் காயவிட்டு, பூசும் முன் இருந்த எடைக்கு ஏறக்குறைய திரும்பியதை எடைபோட்டு உறுதி செய்த பிறகே மூடினேன். பாலிமரும் மருந்தும் சேர்த்த எடையைக் கழித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இருப்பு மூன்று விதம். ஒன்று, துணிப்பையில் சாதாரண அறையில். இரண்டு, ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியில் இறுக மூடி. மூன்றாவது உப்பு ஜாடி: அடியில் சமையல் உப்பைத் தண்ணீரில் கரையாத அளவுக்குப் போட்டுக் குழம்பாக வைத்து, மேலே வலைத்தட்டில் விதை. நிறைவுற்ற உப்புக் கரைசல் தனக்கு மேலிருக்கும் காற்றை 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் பிடித்து வைக்கும். செலவே இல்லாமல் ஒரு நிரந்தர மழைக்காலம் கிடைத்துவிடுகிறது. ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கவும் இதே ஜாடி போதும்.

முளைப்புச் சோதனைக்கு ஈரத்தாள் சுருள் முறை. 25 டிகிரியில் வைத்து, 4ஆம் நாள் ஒரு எண்ணிக்கை, 7ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. முளைவேர் நீட்டியதை எல்லாம் கணக்கில் சேர்க்கக்கூடாது. வேரும் தண்டும் ஒழுங்காக உள்ள இயல்பான நாற்றுகளை மட்டும் எண்ண வேண்டும். முறுக்கியது, வேர் குட்டையானது, தண்டு பிளந்தது எல்லாம் தனிக் கணக்கு. தாளில் ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையில், மருந்து தாளிலேயே தேங்கி நின்று வேரைக் குட்டையாக்கிக் காட்டும். இன்னொரு பக்கம், அரைகுறை உயிரோடிருக்கும் விதையைப் பூஞ்சாணம் அண்டாமல் காத்து நல்லது போலவும் காட்டும். அதனால் ஒவ்வொரு தடவையும் மணலில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பங்கு விதைத்து ஒப்பிட்டேன். வீரியம் குறைந்த விதை தாளில் எழுந்துவிடுகிறது, மணலை முட்டிக்கொண்டு மேலே வர முடிவதில்லை.

மின்கடத்துதிறன் சோதனையும் செய்தேன். 50 விதையை 250 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, விதையிலிருந்து கசிந்த உப்புகளை மீட்டரில் பார்ப்பது. விதை மூப்படைய மூப்படையச் செல் சவ்வுகள் பலவீனமாகி அதிகமாகக் கசியும். பூசாத விதையில் இது அழகாக வேலை செய்தது. பூசிய விதையில் முதல் நாளே எண் தாறுமாறாக ஏறியது, காரணம் நிறமூட்டியும் மருந்தும்தான். தண்ணீரே சிவந்துவிட்டது. பூசிய விதையை அதே பூச்சின் தொடக்க அளவோடு மட்டுமே ஒப்பிடலாம், பூசாததோடு ஒப்பிடக்கூடாது. மின்சார ஈரமானியும் பூசிய விதையில் அடுப்பு முறையோடு ஒத்துப்போகவில்லை. ஈரத்தைப் பொறுத்தவரை கடைசிவரை அடுப்பையே நம்பினேன்.

தொடக்கத்தில் எல்லாமே 100க்கு 90க்கு மேல் முளைத்தன. இரண்டு அடுக்குப் பூச்சு மட்டும் தாமதம். 4ஆம் நாள் எண்ணிக்கையில் மற்றவற்றைவிடத் தெளிவாகப் பின்தங்கி, 7ஆம் நாள் ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. நல்ல சூடான ஈர மண்ணில் இந்தத் தாமதம் பெரிதல்ல. மண் குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு நாள் தாமதமும் விதையைப் பூஞ்சாணத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தடிமனான பூச்சு வேண்டாம் என்ற முடிவுக்கு அப்போதே வந்துவிட்டேன்.

உப்பு ஜாடியில் பாலிமர் என்ன செய்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. பூசாத விதை சீக்கிரமே ஈரம் ஏறி, 14 சதவீதத்துக்கு மேல் போய் நின்றது. பூசிய விதை சில வாரம் பின்தங்கி வந்தது, கடைசியில் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. படலம் நீராவியைத் தாமதப்படுத்துகிறது, தடுப்பதில்லை. நாலைந்து நாள் அடைமழையைத் தாங்க இது உதவும். மாதக்கணக்கில் நீடிக்கும் ஈரக் காற்றுக்கு உதவாது. விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த கைக்கணக்கு விதைத் தொழிலில் இன்றும் புழங்குகிறது: விதை ஈரம் 14க்கும் 5க்கும் இடையில் ஒவ்வொரு 1 சதவீதம் குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறையும்போதும் அப்படியே. 12லிருந்து 14க்கு ஏறிய விதை, அந்தக் கணக்கில் தன் ஆயுளில் முக்கால் பங்கை இழந்துவிடுகிறது. அதை மீட்டுக் கொடுக்கும் வேலை எந்தப் படலத்தாலும் ஆகாது.

மாவுப்பசைதான் மோசம். காய்ந்தபோது கண்ணாடிபோல் பளபளத்தது, கையில் ஒட்டவில்லை, நம்பிக்கையாக இருந்தது. உப்பு ஜாடியில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்து, விதைகள் கட்டியாகி, முதலில் பூஞ்சாணம் பிடித்தது அதில்தான். துணிப்பையிலும் அதுவே முதலில் வண்டையும் பூஞ்சாணத்தையும் சேர்த்துக் கூப்பிட்டது. எதுவும் போடாத விதையைவிடக் கீழே போனது அந்த ஒரு தொகுதி மட்டுமே. விதைப்பதற்கு முந்தைய நாள் நுண்ணுயிர் உரத்தை ஒட்டவைக்கப் பசை பயன்படுத்தலாம். பூசி இருப்பு வைக்க அது லாயக்கில்லை.

துணிப்பையில்தான் பூச்சின் உண்மையான பலன் தெரிந்தது. ஈரமான மாதங்கள் தாண்டிய பிறகு பூசாத விதையில் பாதிகூட இயல்பான நாற்றாக வரவில்லை, மணலில் இன்னும் குறைவு. பாலிமர் மட்டும் பூசியது அதைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் பூஞ்சாணமும் இருந்தது, வண்டுத் துளைகளும் இருந்தன. வெறும் பாலிமர் வண்டுக்கு ஒரு பொருட்டே இல்லை. புதிதாக வந்த வண்டுகள் பூச்சோடு சேர்த்துத் துளைத்திருந்தன. உலர் தூள் புரட்டியதில் முதல் மாதங்கள் நல்ல பலன், அப்புறம் சரிவு. பையின் அடியில் விரல் விட்டுப் பார்த்தால் காரணம் கையிலேயே ஒட்டிக்கொண்டது: மருந்தில் பெரும்பங்கு உதிர்ந்து அடியில் தூளாகக் கிடந்தது. பாலிமரோடு பூஞ்சாணக்கொல்லி சேர்த்ததுதான் தெளிவாக முன்னால் நின்றது. படலம் மருந்தை விதையிலேயே பிடித்து வைத்ததுதான் அதன் வேலை, ஈரத்தைத் தடுத்ததல்ல.

மருந்து உதிர்வது விதையோடு முடிகிற விஷயமும் அல்ல. 2008 வசந்தகாலத்தில் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில், குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லி பூசிய மக்காச்சோள விதையில் மருந்து சரியாக ஒட்டாமல் விதைக்கும் இயந்திரத்திலிருந்து தூசாகப் பறந்து, ஏராளமான தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. ஒட்டும் பாலிமருக்கு இன்று இவ்வளவு கவனம் கிடைக்க அதுவும் ஒரு காரணம். கையுறையும் முகமூடியும் இல்லாமல் உலர் தூளைப் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. படலம் போட்டால் சுவாசிக்கும் தூசியாவது குறையும்.

இயந்திரத்தில் அடித்த கீறல் விதைகள் எல்லாப் பூச்சிலும் கையால் உதிர்த்தவற்றைவிடக் கீழேயே இருந்தன. நல்ல பூச்சு போட்ட கீறல் விதை, துணிப்பையில் பூசாத நல்ல விதையைவிடச் சற்று மேல், அவ்வளவே.

மூடிய ஜாடியில் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கி வைத்தவை எல்லாம், பூசியதும் சரி பூசாததும் சரி, தொடக்கத்தில் இருந்த அளவுக்கே பக்கத்தில் முளைத்தன. மின்கடத்துதிறனும் பெரிதாக ஏறவில்லை. வண்டு இல்லை, பூஞ்சாணம் இல்லை. ஒரு ஜாடியை அடிக்கடி திறந்து மாதிரி எடுத்ததில் மட்டும் சிலிக்கா ஜெல் நிறம் மாறி, முளைப்பும் சற்றுக் குறைந்தது.

அடுத்த பருவத்துக்கு வேலையின் வரிசையையே மாற்றப் போகிறேன். கையால் உதிர்த்து, உலர்த்தி, உறைபெட்டியில் வைத்தெடுத்து, பூசாமலே ஜாடியில் மூடி வைத்துவிடுவேன். பூச்சு விதைப்புக்குச் சில நாள் முன்னால்தான். பூசிய விதை மிஞ்சினால் மனிதரும் தின்ன முடியாது, மாட்டுக்கும் கோழிக்கும் போட முடியாது. அந்தச் சிவப்பு நிறம் அதற்கான எச்சரிக்கைதான். பூசாமல் மிஞ்சியதை அப்படியே தானியமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். காற்றுப் புகாத கொள்கலன் கிடைக்காமல் பையில்தான் வைத்தாக வேண்டும் என்பவர்களுக்கு மட்டும், இருப்புக்கு முன்பே பாலிமரும் பூஞ்சாணக்கொல்லியும் சேர்த்து ஒரே மெல்லிய அடுக்காகப் பூசச் சொல்வேன். வண்டு தொல்லை உள்ள இடமென்றால், விதைக்கென்று அனுமதித்த பூச்சிக்கொல்லியையும் அதே கலவையில் சேர்க்க வேண்டும்.

ஜாடிகளும் இனி சின்னதாக, ஒரு தடவை விதைப்புக்கு ஒரு ஜாடி என்ற அளவில். முளைப்புப் பார்க்கத் தனியாக ஒரு சிறிய ஜாடி இருக்கும், மற்றவை விதைக்கும் நாள் வரை திறக்கப்படாது. மூடும்போது விதையின் எடை, ஈரப்பதம், தேதி மூன்றையும் உள்ளே ஒரு சீட்டில் எழுதிப் போடுவேன். மூடியில் ஒட்டியது உரிந்து போகிறது.